வாய்ப் பேச்சு போதாது, ஆதாரம் வேண்டும்!

"வெளியூர்க்காரர்கள் வந்து எங்கள் வேலையை எடுத்துக்கொண்டார்கள்."

மும்பையில் லோக்கல் ரயிலிலும், தேர்தல் கூட்டத்திலும், ஆபீஸ் காண்டீனிலும் காலங்காலமாகக் கேட்டுவரும் பேச்சு இது. 1966 ஜூன் 19-ம் தேதி சிவசேனை தொடங்கப்பட்ட காலத்தில் இந்தப் பேச்சு முதலில் குறிவைத்தது தென்னிந்தியர்களைத்தான். பிற்காலத்தில் குறி வடமாநிலத்தவர் பக்கம் திரும்பியது. ஆள் மாறினாலும் பேச்சு மாறவில்லை.

இதே பேச்சு பள்ளிப் பிள்ளைகளின் கட்டுரை நோட்டுக்குள்ளும் நுழைகிறது. "உள்ளூர்க்காரருக்கே வேலை என்பது நியாயமா?" என்று பேச்சுப் போட்டிக்கோ, ஜூனியர் கல்லூரிக் கட்டுரைக்கோ தலைப்புக் கொடுத்தால், தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் உள்ள தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைக்கு அது வெறும் தலைப்பு அல்ல. அப்பா பிழைக்க வந்த கதை அது. ஆகவே ஒன்று, கோபம் பேனாவில் ஏறிவிடுகிறது. அல்லது, வம்பு எதற்கு என்று பயந்து, இரு பக்கமும் நல்லதாக நாலு வரி எழுதி முடித்துவிடுகிறார்கள். இரண்டிலும் மார்க்கும் கிடைப்பதில்லை, உண்மையும் கிடைப்பதில்லை.

வவுச்சர் இல்லாத பில்

ஆபீசில் கணக்கு எழுதுபவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். செலவு செய்தவர் எவ்வளவு யோக்கியராக இருந்தாலும், வவுச்சர் இணைக்காத பில் பாஸ் ஆகாது. வாதக் கட்டுரையும் அப்படித்தான். எழுதுபவருக்கு ஓர் அபிப்பிராயம் இருக்கலாம்; இருக்கவும் வேண்டும். ஆனால் அதை ஒப்புக்கொள்ளாத ஒருவர், "எங்கே இருக்கிறது, காட்டு" என்று கேட்டால் காட்ட ஒரு தாள் வேண்டும். அந்தத் தாளைத் தேடும் வேலைதான் கட்டுரையில் முக்கால் பங்கு.

தேடுவதற்கு முன்னால் கேள்வியை உடைக்க வேண்டும். "வேலை பறிபோகிறதா?" என்று மொத்தமாகக் கேட்டால் எந்த நூல் நிலையத்திலும் பதில் இல்லை. அதையே நான்கு சிறு கேள்விகளாக்கினால் ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் உண்டு. வந்தவர்கள் எத்தனை பேர்? இதற்கு சென்சஸ் இருக்கிறது. சட்டம் என்ன சொல்கிறது? இதற்கு அரசியல் சட்டமும் கோர்ட்டுத் தீர்ப்புகளும் இருக்கின்றன. முன்பு என்ன நடந்தது? இதற்கு வரலாற்று நூல்களும் பழைய பத்திரிகைகளும் உள்ளன. எதிர்த் தரப்பின் வாதம் என்ன? இதற்கு அவர்களுடைய எழுத்தையே பார்க்க வேண்டும்.

படியேறினால் புத்தகம்

மும்பைக் கோட்டைப் பகுதியில் ஹார்னிமன் சர்க்கிள் எதிரே, வெள்ளைத் தூண்களும் அகன்ற படிக்கட்டுமாக டவுன் ஹால் நிற்கிறது. 1833-ல் கட்டி முடிக்கப்பட்ட கட்டடம். 1804-ல் தொடங்கிய ஏஷியாட்டிக் சொசைட்டியின் நூலகம் இங்கே உள்ளது. மாநில மத்திய நூலகமும் இதே கட்டடத்தில்தான் இயங்கி வந்தது. சர்ச்கேட்டில் இறங்கி இந்தப் படிகளைத் தாண்டி வேலைக்குப் போகும் தமிழர்கள் ஏராளம். படியேறியவர்கள் குறைவு.

இந்த மத்திய நூலகத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. 1954-ம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி, இந்தியாவில் எந்த மொழியில் புத்தகம் வெளியானாலும் பதிப்பாளர் தம் செலவில் நான்கு நூலகங்களுக்குப் பிரதி அனுப்ப வேண்டும். கல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, டெல்லி பொது நூலகம் ஆகியவற்றோடு நான்காவது பம்பாய் மத்திய நூலகம். அதாவது, சென்னையில் அச்சாகும் தமிழ்ப் புத்தகமும் சட்டப்படி மும்பைக்கு வர வேண்டும். 1956-ல் பத்திரிகைகளும் இதில் சேர்க்கப்பட்டன. சட்டத்தில் உள்ளதெல்லாம் அலமாரியில் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனாலும், "தமிழ்ப் புத்தகத்துக்கு மும்பையில் எங்கே போவது?" என்று கேட்பவர்கள் முதலில் விசாரிக்க வேண்டிய இடம் இது.

நம் தலைப்புக்கு மூன்று ஆய்வு நூல்கள் கைகொடுக்கும். மைரன் வீனர் எழுதிய 'சன்ஸ் ஆஃப் தி சாயில்' 1978-ல் வெளியானது. இந்தியாவின் பல பகுதிகளில் எழுந்த மண்ணின் மைந்தர் பிரச்சினையை ஆராய்வது. மேரி காட்சன்ஸ்டீன் எழுதிய 'எத்னிசிட்டி அண்ட் ஈக்வாலிட்டி' 1979-ல் வந்தது. தீபாங்கர் குப்தாவின் 'நேட்டிவிசம் இன் எ மெட்ரோபாலிஸ்' 1982-ல் வந்தது. பின்னிரண்டும் பம்பாயையும் சிவசேனையையும் பற்றியே எழுதப்பட்டவை. இவை பல்கலைக்கழக நூலகம் போன்ற இடங்களில் தேடத்தக்கவை. கலீனாவில் உள்ள பல்கலைக்கழகத்தின் ஜவாஹர்லால் நேரு நூலகத்தில் வெளியாருக்குத் தனி விதிகள் உண்டு. கல்லூரியிலிருந்து ஒரு கடிதம் வாங்கிப் போவது நல்லது.

புத்தகத்தின் பெயர் தெரியாவிட்டாலும் கவலையில்லை. டியூயி முறையில் அடுக்கிய நூலகங்களில் மக்கள் இடப்பெயர்ச்சி 304.8 என்ற எண்ணிலும், தொழிலாளர் பொருளாதாரம் 331-லும், அரசியல் சட்டம் 342-லும் இருக்கும். அந்த அலமாரியின் முன் பத்து நிமிஷம் நின்றால், தேடாத புத்தகமும் கண்ணில் படும்.

வாசனாலயப் பலகை

கோட்டைப் பகுதி வரை போக முடியாதவர்கள் பலர். தமிழ்நாட்டில் பழகியவர்கள் இங்கும் "கிளை நூலகம்" என்ற பலகையைத் தேடுகிறார்கள். காணவில்லை என்று திரும்பிவிடுகிறார்கள். அதற்குக் காரணம் உண்டு. 1948-ல் சென்னை மாகாணம்தான் சுதந்திர இந்தியாவில் முதலாவதாகப் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதனின் இடைவிடாத முயற்சி அதன் பின்னால் இருந்தது. அங்கே நூலக வரி வசூலித்து சர்க்காரே கிளை நூலகங்களை நடத்துகிறது. மகாராஷ்டிரத்தின் 1967-ம் ஆண்டுச் சட்டம் வேறு மாதிரி. இங்கே பெரும்பாலும் சங்கங்கள் நூலகம் நடத்துகின்றன. சர்க்கார் மானியம் தருகிறது. ஆகவே பலகையில் "சார்வஜனிக் வாசனாலய" என்றோ "மோஃபத் வாசனாலய" என்றோ மராட்டியில் எழுதியிருக்கும். "மோஃபத்" என்றால் இலவசம். பேட்டையில் விசாரித்தால் இப்படி ஒன்று அகப்படும்.

தாதர் கிழக்கில், நாய்காவ் பகுதியில், 1898-ல் தொடங்கிய மும்பை மராட்டி கிரந்த சங்கிரகாலயம் இருக்கிறது. தமிழ்ப் பிள்ளைக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கலாம். எதிர்த் தரப்பின் வாதத்தை அவர்களுடைய மொழியிலேயே படிக்கும் வேலைதான். சிவசேனை பிறப்பதற்கு முன்பே, 1960-ல் தொடங்கிய 'மார்மிக்' வார இதழ், பம்பாய்க் கம்பெனிகளில் மராட்டியர் அல்லாத அதிகாரிகளின் பெயர்ப் பட்டியல்களை வெளியிட்டது. அது என்ன சொன்னது, யாரை எண்ணியது, யாரை எண்ணாமல் விட்டது என்று பார்த்தால்தான் பதில் எழுத முடியும். மேஜைக்குப் பின்னால் அமர்ந்த அதிகாரிகளின் பெயர்ப் பட்டியல், ஆலையில் நிற்கும் தொழிலாளர்களின் கணக்கு ஆகாது. அதே சமயம், அந்தப் பெயர்கள் வெறும் கற்பனை என்றும் தள்ளிவிட முடியாது. இதைச் சொல்லும் கட்டுரைக்கு மதிப்பு கூடும்.

மகாராஷ்டிரத்தில் 2020-ம் ஆண்டுச் சட்டத்தின்படி எல்லாப் பள்ளிகளிலும் மராட்டி கட்டாயம். பெற்றோருக்குப் படிக்கத் தெரியாத ஆதாரத்தைப் பிள்ளை படிக்க முடியும் என்பது மிகப் பெரிய சௌகரியம்.

கையில் உள்ள சர்க்கார் ஏடுகள்

செல்போனில் தேடுபவர்கள் முதலில் கண்ணில் படுவதை எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி எடுக்காமல், ஏடு பிறந்த இடத்துக்கே போவது நல்லது. சென்சஸ் துறையின் இணையதளத்தில் தாய்மொழிக் கணக்கு 'சி-16' என்ற அட்டவணையிலும், இடப்பெயர்ச்சிக் கணக்கு 'டி' வரிசை அட்டவணைகளிலும் இருக்கின்றன. காசு கிடையாது.

2011 சென்சஸில் மகாராஷ்டிரத்தின் ஜனத்தொகை 11 கோடியே 23 லட்சத்துக்கு மேல். தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 5 லட்சம். ஏறக்குறைய 220 பேருக்கு ஒருவர். "ஊரெல்லாம் மதராசி" என்ற பழைய பேச்சுக்கு இந்த ஒரு வரி போதும். ஆனால் இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. தாய்மொழிக் கணக்கு வேறு, குடியேறியவர் கணக்கு வேறு. சென்சஸ், பிறந்த இடத்தையும் கடைசியாக வசித்த இடத்தையும் கேட்டுத்தான் ஒருவரைக் குடிபெயர்ந்தவர் என்று எழுதுகிறது. சயான் ஆஸ்பத்திரியில் பிறந்து தாராவியிலேயே வளர்ந்த தமிழ்க் குழந்தை, சென்சஸ் ஏட்டில் வெளியூர்க்காரர் அல்ல. இதை அந்தக் குழந்தையே தன் கட்டுரையில் எழுதலாம்.

இன்னொரு பள்ளமும் உண்டு. "இந்தியாவில் குடிபெயர்ந்தவர்கள் 45 கோடிக்கு மேல்" என்று யாராவது சொன்னால் பயமாக இருக்கும். 2011 கணக்கில் அந்த எண் இருப்பது உண்மைதான். ஆனால் அட்டவணையைப் பிரித்துப் பார்த்தால், பெரும்பாலோர் சொந்த மாநிலத்துக்குள்ளேயே இடம் மாறியவர்கள். கல்யாணமாகிப் பக்கத்து ஊருக்குப் போன பெண்கள் அதில் பெரும் பங்கு. மாநிலம் விட்டு மாநிலம் வந்தவர்கள் 5 கோடியே சொச்சம்தான். எண் பொய் சொல்லவில்லை. எண்ணை எடுத்துக்காட்டியவர் பாதியை விட்டுவிட்டார்.

2011-க்குப் பின் 2021-ல் நடக்க வேண்டிய சென்சஸ் அந்த ஆண்டு நடக்கவில்லை. எனவே எந்த எண்ணை எழுதினாலும் பக்கத்தில் ஆண்டைப் போட வேண்டும்.

ரயிலில் பிழைப்பவர்களுக்கும் ரயிலில் வந்தவர்களுக்கும் சுவையான ஆதாரம் ஒன்று உண்டு. மத்திய அரசின் 2016-17-ம் ஆண்டுப் பொருளாதார ஆய்வறிக்கை, இடப்பெயர்ச்சியை அளக்க ரயில்வேயின் முன்பதிவு இல்லாத டிக்கெட் கணக்கைப் பயன்படுத்தியது. போனவர்களையும் திரும்பியவர்களையும் கழித்துப் பார்த்தால், தங்கிவிட்டவர்களின் கணக்கு தோராயமாகத் தெரியும் என்பது அதன் யுக்தி. 2011 முதல் 2016 வரை மாநிலம் விட்டு மாநிலம் போனவர்கள் ஆண்டுக்கு சராசரி 90 லட்சம் பேர் என்று அந்த அறிக்கை கணித்தது. ஜன்னலில் கிழித்துக் கொடுத்த டிக்கெட்டும் ஒரு நாள் சரித்திரத்துக்கு வவுச்சர் ஆகிறது!

சட்டம் என்ன சொல்கிறது?

அரசியல் சட்டம் தமிழிலும் கிடைக்கிறது. 19-வது ஷரத்து, நாட்டின் எப்பகுதிக்கும் செல்லவும், எங்கும் வசித்துக் குடியேறவும், தொழில் செய்யவும் குடிமகனுக்கு உரிமை தருகிறது. நியாயமான கட்டுப்பாடுகளுக்கும் அதில் இடம் உண்டு. 16-வது ஷரத்து, பிறந்த இடத்தையும் வசிக்கும் இடத்தையும் மட்டும் காரணமாக வைத்து சர்க்கார் வேலையில் பாகுபாடு கூடாது என்கிறது. அதிலேயே மூன்றாவது உட்பிரிவு ஒரு விலக்கு வைத்திருக்கிறது: இருப்பிட நிபந்தனை வேண்டுமானால் பார்லிமெண்ட் சட்டம் இயற்றலாம். மாநிலச் சட்டசபைக்கு அந்த அதிகாரம் இல்லை. 1957-ல் பார்லிமெண்ட் அப்படிச் சட்டம் இயற்றியபோதும், சில பகுதிகள் நீங்கலாக இருப்பிட நிபந்தனைகளை நீக்கவே செய்தது.

இங்கே பலர் செய்யும் பிழை, 16-வது ஷரத்தைத் தனியார் கம்பெனிக்கும் பொருத்துவது. அது சர்க்கார் வேலைக்கு மட்டுமே. தனியார் வேலைக்கு ஹரியானா வழக்கைப் பார்க்க வேண்டும். மாதச் சம்பளம் 30,000 ரூபாய் வரை உள்ள தனியார் வேலைகளில் 75 சதவீதம் உள்ளூர்க்காரருக்கு என்று அந்த மாநிலம் கொண்டுவந்த சட்டத்தை, 2023 நவம்பர் 17-ம் தேதி பஞ்சாப்-ஹரியானா ஹைகோர்ட் ரத்து செய்தது. அரசு சுப்ரீம் கோர்ட்டுக்கு அப்பீல் போனது. எழுதி முடிக்கும் தேதியில் அந்த அப்பீல் எந்த நிலையில் உள்ளது என்று பார்க்காமல் இதைக் கட்டுரையில் சேர்க்கக் கூடாது. சுப்ரீம் கோர்ட் தீர்ப்புகளை 2023-ல் தொடங்கிய 'இ-எஸ்சிஆர்' தளத்தில் இலவசமாகப் படிக்கலாம். மத்திய சட்டங்களுக்கு 'இந்தியா கோடு' தளம் இருக்கிறது.

மகாராஷ்டிரத்திலும் தொழிற்சாலைகளில் 80 சதவீதம் உள்ளூர்க்காரருக்கு என்ற அரசாணைகள் பற்றி அடிக்கடி பேச்சு எழுகிறது. அந்த ஆணைகள் மாநில அரசின் தளத்தில் மராட்டியில் கிடைக்கும். ஆணையில் 80 என்ற எண்ணை மட்டும் பார்க்காமல், "உள்ளூர்க்காரர்" என்ற சொல்லுக்கு அங்கே என்ன பொருள் கொடுத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். மொழியா, பிறப்பா, இத்தனை ஆண்டு வசித்தார் என்பதா? இங்கே இரண்டு மூன்று தலைமுறையாக வாழும் குடும்பத்தின் இடம் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

எதிராளியின் பலமான ஆதாரம்

நல்ல வாதக் கட்டுரைக்கு அடையாளம், எதிராளியின் பலமான ஆதாரத்தை மறைக்காமல் எடுத்து வைப்பது. இந்த விஷயத்தில் அப்படி ஒன்று இருக்கிறது. அதைச் சொன்னவர் அம்பேத்கர்.

1948 நவம்பர் 30-ம் தேதி அரசியல் நிர்ணய சபையில் இந்த 16-வது ஷரத்து (அன்று நகலில் 10-வது) விவாதிக்கப்பட்டது. இருப்பிட நிபந்தனைக்கு இடம் வைப்பதை அம்பேத்கர் ஆதரித்தார். ஒரு மாகாணத்தோடு எந்தத் தொடர்பும் வேரும் இல்லாமல், பறந்து வந்து நல்ல பதவிகளை எடுத்துக்கொண்டு போய்விடுவதை அனுமதிக்க முடியாது என்பது அவர் சொன்னதன் சாரம். அரசியல் நிர்ணய சபை விவாதங்களை பார்லிமெண்டின் டிஜிட்டல் நூலகத்தில் படிக்கலாம். மகாராஷ்டிர அரசு வெளியிட்ட அம்பேத்கர் எழுத்துத் தொகுதிகளில் 13-வது தொகுதி, அரசியல் சட்டம் உருவாக்கியதில் அவர் பங்கைத் தாங்கியது.

நம் பிள்ளைகள் இதைப் பார்த்ததும் பக்கத்தைப் புரட்டிவிடக் கூடாது. நிதானமாகப் படித்தால் இரண்டு விஷயங்கள் புலப்படும். அவர் பேசியது சர்க்கார் பதவிகளைப் பற்றி. அவர் ஆட்சேபித்தது வேரில்லாமல் வந்து போவதை. வந்து தங்கி, உழைத்து, வரி கட்டி, பிள்ளைகளை மராட்டி படிக்க வைத்த குடும்பம் வேரில்லாத குடும்பமா? இப்போது கேள்வி எதிராளியின் பக்கம் போகிறது. அவர் காட்டக்கூடிய ஏட்டிலிருந்தே நம் வாதம் எழுகிறது. சத்தம் போட்டு எழுதிய பத்துப் பக்கத்தைவிட இந்த ஒரு பத்திக்குப் பலம் அதிகம்.

எதை நம்புவது, எதை விடுவது?

வாட்ஸ்அப்பில் வந்தது வவுச்சர் ஆகாது. யார், எப்போது எழுதியது என்றே தெரியாது. விக்கிப்பீடியா வழிகாட்டிப் பலகை மாதிரி. அங்கே நின்றுவிடாமல், கட்டுரையின் அடியில் உள்ள மேற்கோள்களைப் பிடித்து மூலத்துக்குப் போக வேண்டும். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடம் கேட்டால், இல்லாத புத்தகத்தின் பெயரையும் இருப்பதுபோல் சொல்லிவிடுவதுண்டு. அது சொன்ன புத்தகம் நூலகப் பட்டியலில் இருக்கிறதா, சொன்ன விஷயம் அந்தப் பக்கத்தில் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்த பிறகே எழுத வேண்டும்.

பத்திரிகைச் செய்திக்கு இரண்டு பத்திரிகை பார்ப்பது நல்லது. 2008 அக்டோபரில் ரயில்வே தேர்வு எழுத மும்பைக்கு வந்த வடமாநில இளைஞர்கள் தாக்கப்பட்டார்கள். அந்தச் செய்தியை ஒரு மராட்டிப் பத்திரிகையிலும் ஒரு ஆங்கிலப் பத்திரிகையிலும் வைத்துப் படித்தால், ஒரே சம்பவத்தில் எது நடந்தது, எது அபிப்பிராயம் என்று பிரித்தறியப் பழக்கம் வரும்.

எங்கும் அகப்படாத புள்ளி விவரத்துக்கு 2005-ம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. மத்திய அரசு அலுவலகங்களுக்கு மனுக் கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம். கட்டுரைக்குக் கெடு அதற்குள் முடிந்துவிடும் என்றால், அடுத்த போட்டிக்கு ஆகட்டும்.

பெற்றோர் செய்யக்கூடியது

ஒரு விடுமுறை நாளில் பிள்ளையை நூலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போகலாம். நேரத்தையும் விதிகளையும் முன்கூட்டி விசாரித்து, அடையாள அட்டையுடன் போக வேண்டும். பெரிய கட்டடம், இங்கிலீஷ் பேசுகிற இடம் என்று கூச்சப்படத் தேவையில்லை. "இந்த விஷயம் பற்றிப் புத்தகம் வேண்டும்" என்று தெரிந்த இந்தியிலோ மராட்டியிலோ கேட்டால் எடுத்துக் கொடுப்பதுதான் அங்குள்ளவர்களின் உத்தியோகம்.

பிள்ளைக்கு ஒரு தனி நோட்டு வாங்கிக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு ஆதாரத்துக்கும் ஒரு பக்கம். எழுதியவர் பெயர், நூல் அல்லது அட்டவணையின் பெயர், ஆண்டு, பக்க எண், பார்த்த தேதி ஆகிய ஐந்தும் தலையில் இருக்க வேண்டும். கீழே இடப் பக்கம் நமக்குச் சாதகமானது, வலப் பக்கம் பாதகமானது. வலப் பக்கம் காலியாக இருந்தால் இன்னும் சரியாகத் தேடவில்லை என்று அர்த்தம்.

இப்படித் தேடிய பிள்ளையின் முடிவு நாம் நினைப்பதற்கு மாறாகவும் இருக்கலாம். "உள்ளூர் இளைஞர்களின் ஆதங்கத்தில் நியாயம் உண்டு; ஆனால் அதற்குப் பரிகாரம் வந்தவர்களை விரட்டுவது அல்ல" என்று அது எழுதக்கூடும். அப்பா முகம் சுளிக்க வேண்டியதில்லை. "எந்த ஏட்டில் பார்த்தாய்?" என்று மட்டும் கேட்கட்டும். பிள்ளை நோட்டைத் திறந்து பக்கத்தைக் காட்டினால், அந்தப் பில் பாஸ்.